போர்க்கால ஜீப்பும் நகல் கார்ட்டர் கார்புரேட்டரும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப்பை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் வந்து நிற்கும். பழையது தேய்ந்துவிட்டது என்று கழற்றி வைத்துவிட்டுப் புது நகல் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். காலை எடுத்ததும் எஞ்சின் மெதுவாக ஓட வேண்டிய ஸ்லோவில் வண்டி நிலைக்காது, அணைந்துவிடும். உடனே பிளக்கை மாற்றி, பாயின்டை மாற்றி, கண்டென்சரை மாற்றி, பெட்ரோல் பம்பைப் பிரித்து, வால்வு இடைவெளி வரை சரிபார்த்து, எதுவும் பலிக்காமல் போன பின் அந்தப் பழைய கார்புரேட்டரையே தூசி தட்டி மாட்டியதும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தக் கதையைச் சொல்லாதவர்கள், குறைந்தபட்சம் கேட்டிருப்பார்கள். நகல் என்றால் மட்டமான உலோகம், அதனால்தான் இப்படி என்று பொதுவாக முடித்துவிடுகிறார்கள். என் மேசையில் பிரித்துப் பார்த்தவற்றை வைத்துச் சொல்வதானால், உலோகம் இரண்டாவது காரணந்தான். துளைகளின் அளவும், அவை அமைந்த இடமும், அசையும் பாகங்களின் பொருத்தமுமே முதல் காரணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது என்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற இரு பெயர்களில் 1941 முதல் 1945 வரை ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகள் செய்யப்பட்டன. உதிரிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது இராணுவத்தின் நிபந்தனை. ஆகவே ஃபோர்டு தன் பாகங்களில் தன்னுடைய 'எஃப்' எழுத்தைப் பொறித்துக்கொண்டாலும், கார்புரேட்டர் இரண்டு வண்டிகளுக்கும் ஒன்றேதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த கார்ட்டர் நிறுவனம் செய்த டபிள்யூ.ஓ. வகை, எண் 539எஸ். ஒற்றைக் குழல் கொண்டது, காற்று மேலிருந்து கீழாக இறங்குவது. 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள, பக்கவாட்டு வால்வுகள் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அது பெட்ரோலை அளந்து கொடுத்தது. நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 60 குதிரைத்திறன் என்பது இன்று சிறிய காருக்குக்கூடக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அந்த எஞ்சின் சேற்றிலும் மலையிலும் மிகக் குறைந்த வேகத்தில் திணறாமல் இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் குறைந்த வேகத்து நடத்தைதான் நகல் கார்புரேட்டர்களில் முதலில் கெட்டுப்போகிறது.

கார்ட்டரின் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை 1984-இல் மூடப்பட்டது. துத்தநாக வார்ப்பு எந்திரங்களின் ஹைட்ராலிக் எண்ணெயிலிருந்த பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் மண்ணிலும் கட்டடத்திலும் ஊறிப்போய், அந்த இடத்தைத் துப்புரவாக்குவது பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் நெடுங்கால வேலையாயிற்று. நமக்கு இதில் முக்கியமானது, 539எஸ்-ஐ அதன் சொந்த அச்சுகளிலும் சொந்த வரைபடங்களிலும் தொடர்ந்து செய்துவரும் வாரிசு நிறுவனம் எதுவும் இல்லை என்பது. பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் இந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் எஸ்.யூ., அமால் ஆகிய கார்புரேட்டர் பெயர்களின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் கார்புரேட்டர்களும் உதிரிப் பாகங்களும் செய்கிறது. வரைபடம் கையில் உள்ளவர் செய்யும் புதுப் பொருளும், ஒரு பழைய மாதிரியை அளந்து பார்த்துச் செய்யும் பொருளும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு வகையான பொருள்கள்.

அசலைச் சீர்செய்து பயன்படுத்தலாமே, நகலுக்கு ஏன் இத்தனை தேவை என்று கேட்பவர்களுக்கு: அசலும் சாகாவரம் பெற்றதன்று. 539எஸ்-இன் மேல்மூடியும் கிண்ணமும் துத்தநாகக் கலவை வார்ப்பு. குழலைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு சுழலும் தண்டைத் தாங்கும் அடிப்பகுதி வார்ப்பிரும்பு. துத்தநாகக் கலவையில் ஈயமோ வெள்ளீயமோ சிறிதளவு கலந்திருந்தாலும், ஈரம் பட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடித்து உதிரும். இதைத் தவிர்க்கத்தான் 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட ஜமாக் கலவையை நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-இல் கொண்டுவந்தது. கார்ட்டரின் வார்ப்புகள் இந்த நோய்க்குப் பெரும்பாலும் தப்பியவை. எண்பது ஆண்டு கடந்த பின்னும் அவை முழுதாக நிற்பதே அதற்குச் சான்று. ஆனால் வேறு நோய்கள் உண்டு. திருகுகளை ஆளாளுக்கு இறுக்கியதில் மூடியின் நான்கு மூலைகளும் கீழே வளைந்து நடுவில் இடைவெளி விட்டிருக்கும், மரைகள் அறுந்திருக்கும், தண்ணீர் தேங்கிய கிண்ணத்தின் அடியில் வெண்பொடி பூத்துக் குழி விழுந்திருக்கும், த்ராட்டில் தண்டு தன் துளையை நீள்வட்டமாகத் தின்றிருக்கும். இவற்றில் கிண்ணத்தின் குழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு நல்ல லேத் பட்டறையில் சரிசெய்துவிடலாம். அதற்கு ஆகும் நேரமும், வேலை தெரிந்த கையும் கிடைக்காதவர்கள்தாம் நகலை வாங்குகிறார்கள்.

நகல் எப்படிப் பிறக்கிறது என்று யோசித்தால் அதன் குறைகளில் பாதி தாமாகவே விளங்கும். வரைபடம் இல்லாதபோது ஒரு பழைய கார்புரேட்டர்தான் மாதிரி. அந்த மாதிரி ஏற்கெனவே தேய்ந்தது. யாரோ ஒருவர் ஜெட்டுக்குள், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைக்குள், கம்பி விட்டுக் குடைந்தது. வேறு எண்ணுள்ள கார்ட்டரின் பாகம் ஒன்றை இடையில் ஏற்றுக்கொண்டது. மாதிரியின் தேய்மானமும் பழுதும் அளவுகளாக மாறி நகலுக்குள் நுழைந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு உருகிய துத்தநாகம் குளிரும்போது ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். அச்சு செய்பவர் அதற்கு இடம் விடாமல் மாதிரியின் மேலேயே நேரடியாக அச்சு எடுத்தால், 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம் 99-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். காற்றுவடிகட்டிக் குழாயின் கழுத்துக்கு இந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை. ஆனால் ஜெட்டுக்குள் இறங்கிப் பெட்ரோலை அளக்கும் மீட்டரிங் ராட் என்ற கம்பி தொங்கும் உயரத்துக்கும், த்ராட்டில் தட்டின் விளிம்புக்கு எதிரே இருக்க வேண்டிய ஸ்லோ துளைக்கும் அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

இந்த ஸ்லோ துளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த நகல்களில் பாதிக்கு மேல் சறுக்குவது இங்கேதான். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். குழலின் குறுகிய இடுப்பான வென்சுரி வழியே காற்றோட்டம் மிகவும் குறைவு, ஆகவே அங்கே பெட்ரோலைப் பீச்சும் முதன்மை நாசில் பெட்ரோலைத் தராது. தட்டுக்குக் கீழே, எஞ்சினுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாயில் உள்ள வெற்றிடந்தான் ஒரு தனி வழியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இழுத்துக்கொள்கிறது. அந்த வழி குழலுக்குள் திறப்பது இரண்டு இடங்களில்: கீழே, கலவைத் திருகு கட்டுப்படுத்தும் துளை, அதற்கு மேலே, தட்டின் விளிம்பை ஒட்டி, செங்குத்தான ஒரு சிறு பிளவு. தட்டு மூடியிருக்கும்போது பிளவின் அடிப்பகுதி மட்டும் விளிம்புக்குக் கீழே வெற்றிடத்தைப் பார்க்கும். தட்டு திறக்கத் திறக்கப் பிளவு மேலும் மேலும் வெற்றிடத்துக்கு வெளிப்பட்டுக் கூடுதலாகப் பெட்ரோல் தரும். அது போதாமல் போகும் கட்டத்தில் முதன்மை நாசில் வேலையை ஏற்றுக்கொள்ளும். இந்தக் கைமாற்றம் ஓட்டுபவருக்குத் தெரியவே கூடாது.

பிளவு அரை மில்லிமீட்டர் மேலே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தட்டைச் சரியான ஸ்லோ வேகத்துக்கு மூடினால் பிளவு வெற்றிடத்தைப் பார்க்காது, பெட்ரோல் போதாமல் எஞ்சின் நின்றுவிடும். பெட்ரோல் வரும் அளவுக்குத் தட்டைத் திறந்தால் எஞ்சின் வேகம் ஏறிவிடும். 600 சுழற்சியில் அமைதியாக நிற்க வேண்டிய வண்டி 900-இல் இரையும். பிளவு கீழே அமைந்துவிட்டாலோ ஸ்லோவிலேயே புகை கறுக்கும், காலை மிதிக்கத் தொடங்கும்போது பிளவு முழுவதும் ஏற்கெனவே வெளிப்பட்டிருப்பதால் கொடுக்க ஒன்றும் மிச்சமிராது, நாசில் விழித்துக்கொள்ளும் வரை வண்டி திக்கும். இரண்டு நிலையிலும் கலவைத் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் பெரிதாகச் சட்டை செய்யாது. சரியான 539எஸ்-இல் அந்தத் திருகை முழுதாக மூடிப் பின் ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள் திறந்தால் எஞ்சின் மாறுதலைக் காட்டியே ஆக வேண்டும். மூடும்போது சாகப்போவதும், திறக்கும்போது தடுமாறுவதும் காதிலேயே கேட்கும். திருகு பேசவில்லை என்றால் நகலின் அடிப்பகுதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டரை அன்று.

அடிப்பகுதியிலேயே இன்னொரு குறையும் உண்டு. புத்தம் புதிய நகலின் த்ராட்டில் தண்டை விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால், சிலவற்றில் எண்பது ஆண்டுத் தேய்மானத்துக்குச் சமமான ஆட்டம் முதல் நாளிலேயே இருக்கும். அந்த இடைவெளி வழியே ஏர் இழுக்கும். ஆரோக்கியமான ஜீப் எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் காட்டும். அந்த இழுப்புக்கு முன்னால் தலைமுடி அளவு இடைவெளியும் அடைபடாத வழிதான். கணக்கில் வராத அந்தக் காற்று கலவையை நீர்க்கச் செய்வதோடு, தண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் போய் உட்காருவதால் ஸ்லோவை நிலையாக வைக்கவும் விடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டின் முனையில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது தெளித்துப் பாருங்கள். சுழற்சி மாறினால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, கையில் தீயணைப்பான் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மேசை மீது செய்யும் சோதனைகளில் எனக்குப் பிடித்தது ட்யூப் லைட் சோதனை. அடிப்பகுதியை மட்டும் கழற்றி, தட்டை ஸ்லோவில் சற்றுத் திறந்து வைக்கும் வேகத் திருகை முழுதும் பின்வாங்கி, தட்டை மூடிய நிலையில் குழலை விளக்குக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அசலில் ஒளி தெரியவே தெரியாது, அல்லது விளிம்பைச் சுற்றி ஒரே சீரான மெல்லிய கோடாகத் தெரியும். நகலில் ஒரு பக்கம் இருட்டாகவும் எதிர்ப் பக்கம் பிறை நிலவு போல வெளிச்சமாகவும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சில சமயம் தட்டின் இரண்டு திருகுகளையும் இளக்கி, தட்டை அதன் போக்கில் உட்காரவிட்டு, மீண்டும் இறுக்கினாலே பிறை மறைந்துவிடும். செய்தவர் அவசரத்தில் திருகிவிட்டார், அவ்வளவுதான். மறையாவிட்டால் குழலே வட்டமாக இல்லை, அல்லது தட்டின் விளிம்பு சரியான சாய்வில் வெட்டப்படவில்லை. தட்டைத் திரும்ப மாட்டும்போது திருகின் முனையை நசுக்கிப் பூட்ட மறக்கக் கூடாது. கழன்ற திருகு நேராக எஞ்சினுக்குள்தான் போகும்.

அடுத்தது ஜெட்டுகளும் மீட்டரிங் ராடும். கார்ட்டர் டபிள்யூ.ஓ.வில் முதன்மை ஜெட்டுக்குள் படிப்படியாக மெலியும் ஒரு பித்தளைக் கம்பி இறங்கி நிற்கும். அது த்ராட்டிலோடு இணைக்கப்பட்டது. பாதித் திறப்பில் கம்பியின் தடித்த பகுதி ஜெட்டின் வழியை நெருக்கிச் சிக்கனம் தரும். காலை முழுதாக மிதித்தால் கம்பி மேலேறி மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வரும், கூடுதல் பெட்ரோல் கிடைக்கும். இங்கே ஓடும் பெட்ரோலைத் தீர்மானிப்பது ஜெட்டின் வட்டத்துக்கும் கம்பியின் வட்டத்துக்கும் இடையே மிஞ்சும் மெல்லிய வளையத்தின் பரப்பு. கம்பியே இல்லாத வெறும் ஜெட்டில்கூட விட்டம் 5 விழுக்காடு கூடினால் பரப்பு 10 விழுக்காடு கூடிவிடும். கம்பி நடுவில் நிற்கும்போது அதே பிழை இன்னும் பெரிதாகிறது. நகல் செய்பவர் ஜெட்டின் துளையைக் கையில் கிடைத்த மில்லிமீட்டர் துரப்பணத்துக்கு ஏற்ப முழுமையாக்கிவிட்டு, கம்பியை அங்குலக் கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

விட்டம் சரியாக இருந்தாலும் போதாது. ஜெட்டின் வாய்ச் சாய்வு, உட்சுவரின் வழவழப்பு, துளையின் நீளம் ஆகியவையும் சேர்ந்துதான் பெட்ரோல் ஓடும் அளவைத் தீர்மானிக்கின்றன. துளைக்குள் நிற்கும் ஒரு சிறு பிசிறு அளவுக் கம்பிக்கு அகப்படாது, ஆனால் ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஒரு நகலின் ஸ்லோ ஜெட்டைக் கண்ணாடி வில்லையில் வைத்துப் பார்த்தபோது, துளையின் வாயில் பித்தளைச் சுருள் ஒன்று சுருண்டபடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மரக்குச்சியால் தள்ளி எடுத்துவிட்டு மாட்டியதும் வண்டி முன்பைவிடப் பாதி திருந்தியது. நகலை வாங்கியவர்களில் எத்தனை பேர் மாட்டுவதற்கு முன் ஜெட்டைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்?

இந்த விஷயத்தில் சுலபமான தீர்வு ஒன்று உண்டு: பழைய கார்ட்டரிலிருந்து அசல் ஜெட்டுகளையும் அசல் மீட்டரிங் ராடையும் எடுத்து நகலில் போடுவது. நல்ல நகல்களில் இது பலிக்கிறது. மற்றவற்றில் மரை பொருந்துவதில்லை. அங்குல மரை இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு நெருக்கமான மில்லிமீட்டர் மரை போட்டிருப்பார்கள். முதல் சுற்று ஏறும், இரண்டாவது சுற்றில் இறுகும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வலிந்து ஏற்றினால் பித்தளை ஜெட்டும் துத்தநாகக் கிண்ணமும் சேர்ந்து பாழாகும். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அசல் ஜெட் இதில் ஏறுமா என்பதே. நான் கேட்ட ஒரு வெளிநாட்டு வியாபாரி, 'எங்கள் ஜெட்டே அசல் தரந்தான், மாற்றத் தேவைப்படாது' என்று பதில் எழுதினார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதால் பணம் மிச்சமாயிற்று.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் என்ற மிதவையையும், அது திறந்து மூடும் நீடில் என்ற ஊசி வால்வையும் பற்றி நீட்டத் தேவையில்லை. மூடியைத் தலைகீழாக வைத்து, கேஸ்கட்டை எடுத்துவிட்டு, மூடியின் விளிம்புக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 3/8 அங்குலம் இருக்க வேண்டும். நகல்கள் தொழிற்சாலையிலிருந்து இந்த அளவோடு வருகின்றன என்று நம்பக் கூடாது. ஃப்ளோட்டை வெந்நீரில் அமிழ்த்தினால் ஈயப்பற்று சரியில்லாத இடத்திலிருந்து குமிழி வரும். நீடில் சரியாக அமர்கிறதா என்பதை வாயால் ஊதிப் பார்ப்பதைவிட ஒரு சிறு கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. இவை மூன்றும் எவரும் சரிசெய்துகொள்ளக்கூடியவை. கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, பழைய செய்தித்தாள் மீது இரவு முழுவதும் விட்டுவைப்பதும் அப்படியே. காலையில் தாளில் ஈரம் இருந்தால், வார்ப்பில் துளையிட்ட வழிகளை அடைக்கும் சிறு தட்டையான பிளக்குகளில் ஒன்று சரியாக அறையப்படவில்லை என்று அறியலாம். வார்ப்பே துளைதுளையாக இருந்தால்தான் சிக்கல்; அதற்கு மருந்து இல்லை, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஆக்சிலரேட்டர் பம்ப் அப்படி அலட்சியப்படுத்தக்கூடியதன்று. காலை மிதித்ததும் காற்று உடனே பாயும், பெட்ரோல் ஒரு கணம் பிந்தும். அந்த ஒரு கணத்தை நிரப்பத்தான் பம்ப். மேலிருந்து குழலுக்குள் பார்த்தபடி லீவரை அசைத்தால், அசைந்த அதே நொடியில் ஒரு மெல்லிய, நேரான பீச்சல் வர வேண்டும். நகல்களில் பீச்சல் பிந்தி வரும், அல்லது சுவரில் வழிந்து ஒழுகும். காரணம் பெரும்பாலும் பம்பின் தோல் வளையம் காய்ந்து விறைத்திருப்பது. அதை லேசான எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் வெளியே விரித்துவிட்டால் பிடிக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பம்பின் உள்வழி, வெளிவழி வால்வுகள் ஒழுகுகின்றன. பிக்கப்பில் திக்குகிறது என்று ஸ்லோ கலவையைத் திருகித் திருகிப் பார்ப்பவர்கள் முதலில் இந்தப் பீச்சலைப் பார்த்துவிட வேண்டும்.

வேறு இராணுவ வண்டிகளின் நிலையும் ஏறக்குறைய இதேதான். ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. மோட்டார்சைக்கிளின் லிங்கர்ட் எம்-88-க்கு நகல்கள் உண்டு, ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியின் ஜெனித் கார்புரேட்டருக்கு நகலைத் தேடுவதைவிட, இராணுவக் கிடங்குகளிலிருந்து வெளிவந்து பயன்படுத்தப்படாமலே கிடக்கும் பழைய சரக்கைத் தேடுவது புத்திசாலித்தனம். கொரியப் போர்க்காலத்து எம்-38 ஜீப்பின் கார்ட்டர் ஒய்.எஸ். தனி ஜாதி. நீரில் இறங்கிக் கடக்க வேண்டிய வண்டி என்பதால் அதன் காற்றுத் துவாரங்களெல்லாம் காற்றுவடிகட்டியின் பக்கம் திருப்பிவிடப்பட்டு, உடம்பு முழுதும் அடைத்துச் செய்யப்பட்டது. அந்த அடைப்புச் சரியில்லாத நகல் சாலையில் நன்றாகவே ஓடும். வண்டியின் சொந்தக்காரர் அதை ஆற்றில் இறக்கப்போவதில்லை என்பதால் குறை ஒருநாளும் வெளியே வராது.

ஓட்டுவதுதான் முக்கியம், அசலாகத் தோன்ற வேண்டியதில்லை என்பவர்களுக்கு சோலெக்ஸ் என்ற வேறு கார்புரேட்டர் இருக்கிறது. வில்லிஸ் உரிமத்தின் பேரில் பிரான்சில் செய்யப்பட்ட ஹாட்ச்கிஸ் எம்-201 ஜீப்பில் சோலெக்ஸ் 32 கார்புரேட்டர்தான் இருந்தது. அது போர்க்கால எஞ்சினுக்கும் பொருந்தும். நம் ஊருக்கும் சோலெக்ஸ் அந்நியமன்று. சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனம் உரிமம் பெற்று சோலெக்ஸைச் செய்துவந்தது. அதனால் அதன் ஜெட்டையும் கேஸ்கட்டையும் அறிந்த கைகள் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்னும் இருக்கின்றன, கார்ட்டரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. என் அபிப்பிராயத்தில், மோசமான கார்ட்டர் நகலைவிட நல்ல சோலெக்ஸ் எவ்வளவோ மேல். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வண்டி என்றால் மட்டும் பேனட்டைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் கார்புரேட்டரின் மேல்தான் விழும். அதற்கென்றே 539எஸ் என்று பொறித்த முக்கோணப் பித்தளைத் தகடு தனியாக விற்கிறது. தகட்டை நம்பி அசல் என்று வாங்கிவிடாதீர்கள். வார்ப்பின் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா, அல்லது மாதிரியின் மேல் எடுத்த அச்சுப் போல மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்தியாவில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். தூய பெட்ரோலின் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். அதாவது 1943-இன் அளவுகளோடு மிகச் சரியாகச் செய்யப்பட்ட அசல் கார்ட்டர்கூட இன்றைய பெட்ரோலில் சுமார் 8 விழுக்காடு நீர்த்த கலவையைத்தான் தரும். ஏற்கெனவே ஏர் இழுத்து நீர்த்துப்போன நகலில் இதுவும் சேர்ந்தால் எஞ்சின் சூடேறும், பேக்ஃபயர் அடிக்கும், மேட்டில் இழுக்காது. நகலைப் பழிப்பதா, பெட்ரோலைப் பழிப்பதா என்று பிரித்தறிய முதலில் ஏர் இழுக்கும் வழிகளை அடைத்துவிட்டுப் பிறகுதான் ஜெட்டில் கைவைக்க வேண்டும். ஜெட்டைப் பெரிதாக்குவதென்றால் அசல் ஜெட்டைத் தொடாமல் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, நகலோடு வந்த ஜெட்டைக் குடையுங்கள். நான் பயன்படுத்துவது துளையைச் சீராகப் பெரிதாக்கும் அளவு ரீமர். சிறு சிறு படியாகக் குடைந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரே மேட்டில் ஒரே கியரில் ஏற்றி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து நிறுத்துவேன். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் துத்தநாகத்தைத் தின்னும். ஆகவே மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தப்போகிறவர்கள் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலிசெய்துவிட வேண்டும்.

இன்று எனக்கு ஒன்று வாங்க வேண்டியிருந்தால், கிண்ணம் அரிக்காத, வார்ப்பில் விரிசல் இல்லாத, தேய்ந்துபோன அசல் ஒன்றைத்தான் தேடுவேன். தண்டுத் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் என்ற உள்வளையம் அடித்து, தண்டுக்குத் தக்கபடி ரீமர் விட்டு, கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி மூடியின் அடியைத் தேய்த்துச் சமமாக்கி, புது நீடில், புதுப் பம்ப், புதுக் கேஸ்கட் போடுவேன். அது கிடைக்காத வரையில் நகல்தான் என்றால், திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் தரும் கடையில் வாங்கி, பெட்டியைப் பிரித்த அன்றே அடிப்பகுதியைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். ஒரே பெயரில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு நகல்களில் ஒன்று தண்டு இறுக்கமாக, தட்டு ஒளி புகாமல் வந்ததும், மற்றொன்று கடகடவென்று ஆடியதும் உண்டு. ஆகவே நண்பர் வாங்கியது நன்றாக ஓடுகிறது என்று அதே பெயரைத் தேடி வாங்குவதில் பொருளில்லை. கையில் வந்ததைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.